கக்கன் விட்டுச் சென்ற கேள்வி

மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் 1908 ஜூன் 18 அன்று பிறந்தவர் கக்கன். தந்தை ஊர்த் தெய்வத்தின் பூசாரி. கக்கன் பிறப்பதற்கு 13 ஆண்டுகளுக்கு முன்பே, 1895இல், பெரியாற்று நீர் மதுரைச் சமவெளிக்கு வந்துவிட்டது. மேலூர்ப் பக்கம் நெல் விளைந்தது. ஆனால் அங்கே நாற்று நட்டு, களையெடுத்து, கதிர் அறுத்த நம் மக்களில் பெரும்பாலோருக்குச் சொந்த வயல் இல்லை. விளைச்சல் கூடினால் நிலக்காரருக்கு வருமானம் கூடும். கூலிக்காரருக்கோ வேலை இருக்கும் நாளில் மட்டும்தான் கூலி.

படிப்பு ஒன்றே இதை மாற்றும் என்று நம்பிய கக்கன், இளம் வயதிலேயே இரவுப் பள்ளிகள் நடத்தினார். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் அவரும் ஒருவர். விடுதலைப் போரில் சிறை சென்றார். அரசியல் நிர்ணய சபையில் இடம்பெற்றார். 1952இல் மதுரையிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். 1957இல் காமராசர் அமைச்சரவையில் பொதுப்பணித் துறை அமைச்சரானார். வைகை அணை 1959இல் திறக்கப்பட்டது. பின்னர் வேளாண்மை, உள்துறை ஆகிய பொறுப்புகளையும் வகித்தார்.

அவர் அமைச்சராக இருந்தபோது, 1961இல், நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஐந்து பேர் கொண்ட குடும்பம் 30 தர ஏக்கர் வரை வைத்துக்கொள்ளலாம் என்றது அது. விதிவிலக்குகள் ஏராளம். உறவினர் பெயருக்கு நிலம் மாறியதும் உண்டு. கூலிக்காரர் கைக்கு வந்தது சொற்பமே. தென் கொரியாவில் 1950இல் நடந்த நிலச் சீர்திருத்தம் 3 ஹெக்டேர், அதாவது சுமார் ஏழரை ஏக்கர், என்று வரம்பு வைத்தது. குத்தகைக்கு உழுதவர்கள் உரிமையாளர் ஆனார்கள். கிராமத்து வருமான ஏற்றத்தாழ்வு வெகுவாகக் குறைந்தது. இங்கே அணை வந்தது, நீர் வந்தது, ஆனால் நிலம் பெரும்பாலும் கைமாறவில்லை.

1967 தேர்தலில் கக்கன் தோற்றார். தனக்கென்று சொத்துச் சேர்க்காத அவர், முதுமையில் மதுரை அரசு மருத்துவமனையின் பொது வார்டில் சிகிச்சை பெற்றார். 1981 டிசம்பர் 23 அன்று காலமானார்.

அவரது எளிமையை எல்லாக் கட்சியினரும் மேடையில் புகழ்கிறார்கள். நிலக் கணக்கைப் பேசுவோர் குறைவு. தும்பைப்பட்டி மணிமண்டபத்தைக் கடந்து பள்ளிக்கும் கல்லூரிக்கும் போகும் மாணவர்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்: நம் குடும்பம் உழைக்கும் நிலத்தின் பட்டா யார் பெயரில் இருக்கிறது? ஆண்டில் எத்தனை நாள் வேலை கிடைக்கிறது? ஆணுக்கு என்ன கூலி, பெண்ணுக்கு என்ன கூலி?