கடலடியில் வரும் போதை! தன் உடம்பையே சோதனைக்குக் கொடுத்த விஞ்ஞானி ஹால்டேன்

1906-ம் ஆண்டு. ஸ்காட்லாந்து கடல். கடற்படைக் கப்பல் ஒன்றிலிருந்து 13 வயதுச் சிறுவன் ஒருவன் கடலுக்குள் இறக்கப்பட்டான். அவன் அணிந்திருந்த மூழ்கும் உடை பெரியவர்களுக்குத் தைத்தது. மணிக்கட்டு வழியே தண்ணீர் உள்ளே புகுந்தது. சிறுவன் குளிரில் நடுங்கினான்.

அந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி ஜே.பி.எஸ். ஹால்டேன்.

தந்தை காட்டிய வழி

அவருடைய தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேனும் விஞ்ஞானியே. கடலில் மூழ்கியவர் சட்டென்று மேலே வந்தால் என்ன ஆகும்? சோடா புட்டியைத் திறந்ததும் நுரை பொங்குவதுபோல ரத்தத்தில் காற்றுக் குமிழிகள் தோன்றும். உயிரே போகலாம். ஆகவே படிப்படியாக நின்று நின்று மேலே வர வேண்டும். இதற்கான கணக்கை அவர் 1908-ல் வெளியிட்டார்.

99 பேர் பலி

1939-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி லிவர்பூல் அருகே 'தீட்டிஸ்' என்ற நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கியது. 99 பேர் மாண்டனர். 4 பேரே தப்பினர்.

இத்தகைய விபத்தில் மனிதன் எப்படிப் பிழைப்பது? அதை ஆராயும் பொறுப்பு மகன் ஹால்டேனிடம் வந்தது. அவர் பிறரை மட்டும் சோதனைக்கு அனுப்பவில்லை. தாமே இரும்பு அறைக்குள் புகுந்தார். கதவு மூடப்பட்டது. உள்ளே காற்றின் அழுத்தம் ஏற்றப்பட்டது.

குடிக்காமலே மயக்கம்!

அழுத்தம் 10 மடங்கு ஆயிற்று. அது 90 மீட்டர் ஆழத்தில் இருப்பதற்குச் சமம். உள்ளே இருந்தவர்கள் காரணமின்றிச் சிரித்தார்கள். எளிய கணக்கையும் தவறாகப் போட்டார்கள். சிறு இரும்புக் குண்டுகளை இடுக்கியால் எடுத்து வைப்பதற்குள் கைகள் தடுமாறின.

அவர்கள் மது அருந்தவில்லை. நாம் அன்றாடம் சுவாசிக்கும் காற்றில் உள்ள நைட்ரஜன் வாயுதான் அந்தப் போதையைத் தந்தது!

இதில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. போதை ஏறியவனுக்கு அது ஏறியதே தெரியாது. தான் தெளிவாக இருப்பதாகவே நினைப்பான். கடலடியில் அந்த நினைப்பு உயிரைக் குடித்துவிடும்.

இப்போது பொழுதுபோக்குக்காகக் கடலில் மூழ்குவோர் 40 மீட்டருக்குக் கீழே போகக்கூடாது என்பது பொதுவான வரம்பு. 30 மீட்டரிலேயே மயக்கம் தலைகாட்டும். சற்று மேலே வந்தால் தெளிந்துவிடும். ஆனால் மதுவோ கஞ்சாவோ உட்கொண்டு இறங்கினால் இரண்டு போதையும் ஒன்று சேரும். மேலே வர வேண்டும் என்ற எண்ணமே தோன்றாமல் போகலாம்.

முறிந்தது முதுகெலும்பு

மற்றொரு சோதனையில் மிகுந்த அழுத்தத்தில் பிராணவாயுவைச் சுவாசித்தார் ஹால்டேன். வலிப்பு வந்தது. முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டது. அந்த வலி பல ஆண்டுகள் அவரை விடவில்லை. உயிர் தரும் பிராணவாயுவும் ஆழத்தில் நஞ்சாகும் என்பதை அவர் உடம்பே காட்டியது.

இந்தியக் குடிமகன்

1957-ல் ஹால்டேன் இந்தியாவுக்கு வந்தார். இந்திய உடை உடுத்தினார். 1961-ல் இந்தியக் குடிமகன் ஆனார். 1964-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி புவனேஸ்வரத்தில் காலமானார்.

அவர் விருப்பப்படி அவரது உடல் ஆந்திர மாநிலம் காக்கிநாடாவில் உள்ள மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது. வாழ்ந்தபோது சோதனைக்குத் தந்த உடம்பை, மறைந்த பிறகு மாணவர்களின் படிப்புக்குத் தந்தார் ஹால்டேன்!