சுஜாதாவின் அறிவியல் புனைகதைகள்

பீர்க்கன்கரணையிலிருந்து தாம்பரத்தைக் கடந்து வடக்கே சென்றால் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. வளாகம் வரும். 1949இல் தொடங்கப்பெற்ற அந்நிறுவனத்தில் மின்னணுவியல் பயின்ற எஸ். ரங்கராஜன் என்பாரே, பின்னர்த் தம் துணைவியாரின் பெயரைப் புனைபெயராக ஏற்றுச் சுஜாதா எனத் தமிழுலகில் அறியப்பட்டவர்.

1935 மே 3ஆம் நாள் திருவல்லிக்கேணியில் பிறந்த அவர், திருவரங்கத்தில் பாட்டியாரின் அரவணைப்பில் வளர்ந்தார். திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்ற பின்னரே குரோம்பேட்டைக்கு வந்தார். நடுவண் அரசின் விமானப் போக்குவரத்துத் துறையில் சில காலம் பணியாற்றிப் பின் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தின் உருவாக்கத்தில் அவருக்குக் குறிப்பிடத்தக்க பங்குண்டு. பகலில் எந்திரங்களோடு பழகிய கைதான் கதையும் எழுதியது என்பதை மறந்துவிட்டு அவருடைய படைப்புகளை மதிப்பிடுதல் இயலாது.

துப்பறியும் கதைகளும் கணேஷ்-வஸந்த் இணையருமே அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தன. ஆயினும் தமிழுக்கு அவர் அளித்த புதுவரவு அறிவியல் புனைகதையே. 'சொர்க்கத் தீவு' இத்துறையில் அவர்தம் தொடக்க முயற்சிகளுள் ஒன்று. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா' அவற்றுள் தலையாயது. ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சியில் குழந்தை பெறுவதற்கும் அரசின் இசைவு வேண்டும்; முதியோர் வாழ்நாளுக்கும் வரம்புண்டு. இக்கடுமைகளினும் நுட்பமானது மற்றொன்று: மக்களின் பெயர்கள் இரண்டெழுத்தில் அடங்குகின்றன. நிலா, சிபி, ரவி, மனோ எனப் பெயர்கள் சுருங்கும்போது குலமும் ஊரும் மரபும் உடன் மறைகின்றன. பெயரைச் சுருக்கும் அரசு நினைவையும் சுருக்குகிறது என்பதை இத்துணை எளிதாக உணர்த்திய தமிழ் நாவல் வேறுண்டா என்பது ஐயமே. மனிதர் எண்களைப்போல் வாழும் அந்நாட்டில், நூல்களைப் படித்துத் தானே சிந்திக்கத் தொடங்கும் எந்திர நாய் ஜீனோவே மனிதப் பண்பு மிக்க பாத்திரமாகிறது. அதன் தொடர்ச்சி 'மீண்டும் ஜீனோ'.

அவருடைய நடையைப் பற்றித் தமிழாசிரியரிடையே மனக்குறை உண்டு. ஆங்கிலச் சொற்களையும் கிரந்த எழுத்துகளையும் அவர் தயக்கமின்றிக் கையாண்டார். கலைச்சொல்லாக்கத்தில் இன்னும் முயன்றிருக்கலாம் என்பது நியாயமான குற்றச்சாட்டே. வாரத் தொடரின் அவசரத்தால் சில கதைகளின் முடிவுகள் நலிந்ததும் உண்மை. ஆனால், கணிப்பொறியைக் கண்டிராத வாசகரும் அதன் இயக்கத்தை அச்சமின்றி அறியும் வண்ணம் உரைநடையைப் பழக்கியவர் அவரே. 'ஏன்? எதற்கு? எப்படி?' வினா-விடைத் தொடரும், மூளையைப் பற்றிய 'தலைமைச் செயலகம்' நூலும் இதற்குச் சான்று. புறநானூற்றுக்கும் சிலப்பதிகாரத்துக்கும் எளிய அறிமுகம் எழுதியவரும் அவர்தாம் என்பதை அக்குறை கூறுவோர் பெரும்பாலும் நினைவிற் கொள்வதில்லை.

ஊடகங்களின் வழி அறிவியலைப் பரப்பியமைக்காக 1993இல் நடுவண் அரசின் விருது பெற்றார். பணி ஓய்வுக்குப்பின் சென்னையில் வாழ்ந்து, 2008 பிப்ரவரி 27ஆம் நாள் மறைந்தார். அவர் உரையாடலில் பங்கேற்ற 'எந்திரன்' திரைப்படம் 2010இல்தான் வெளிவந்தது.