யார் இந்த ஜான் ஆபிரகாம்? ஊர் ஊராகக் காசு திரட்டிப் படம் எடுத்த இயக்குநரின் கதை!

ஜான் ஆபிரகாம் என்றதும் பாலிவுட் நடிகர்தான் பலருக்கு ஞாபகம் வருவார். அதே பெயரில் கேரளாவில் ஓர் இயக்குநர் இருந்தார். அவர் எடுத்தது நாலே நாலு முழுநீளப் படங்கள். அதில் ஒன்று தமிழ்ப் படம்.

1937-ல் பிறந்த ஜானுக்கு எல்.ஐ.சி-யில் வேலை கிடைத்தது. அதை விட்டுவிட்டு புனே திரைப்படக் கல்லூரியில் போய்ச் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஆசானாக அமைந்தவர் வங்க இயக்குநர் ரித்விக் கட்டக். 1972-ல் 'வித்யார்த்திகளே இதிலே இதிலே' மூலம் ஜான் இயக்குநரானார்.

விருது கிடைத்தது... படம்?

1977-ல் வந்தது 'அக்ரஹாரத்தில் கழுதை'. எழுதியவர் விமர்சகர் வெங்கட் சாமிநாதன். தாயை இழந்த கழுதைக்குட்டி ஒன்றை ஒரு பேராசிரியர் தன் சொந்த ஊர் அக்ரஹாரத்துக்குக் கொண்டுபோகிறார். கெட்டது எது நடந்தாலும் ஊர் கழுதை மேல் பழி போடுகிறது. கடைசியில் கொன்றும் விடுகிறது. அப்புறம் அதே கழுதைக்குக் கோயில் கட்டக் கிளம்புகிறது! பேராசிரியராக நடித்தவர் இசையமைப்பாளர் எம்.பி.ஸ்ரீநிவாசன்.

சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. ஆனால், எதிர்ப்பு கிளம்பியதால் தூர்தர்ஷன் ஒளிபரப்பையே ரத்து செய்தது. விருது வாங்கிய படத்தை மக்கள் பார்க்க வழியில்லாமல் போனது.

அடுத்து 1979-ல் 'செறியாச்சன்டெ குரூரகிருத்யங்கள்'. போலீஸ் வன்முறையைப் பார்த்து மிரண்டுபோகும் ஒரு நிலவுடைமையாளரின் கதை இது.

ஒடெசா எப்படி வேலை செய்தது?

தயாரிப்பாளர், விநியோகஸ்தர், தியேட்டர். இந்த மூன்றையும் தாண்டாமல் ஒரு படம் மக்களிடம் போக முடியாது என்பதுதான் அன்றைய நிலை. அதை மாற்ற, 1984-ல் நண்பர்களோடு சேர்ந்து 'ஒடெசா' என்ற அமைப்பைத் தொடங்கினார் ஜான். கிராமம் கிராமமாகப் போய்ப் படம் போட்டுக் காட்டுவார்கள். பார்த்தவர்கள் முடிந்ததைக் கொடுப்பார்கள். இப்போது 'கிரவுட் ஃபண்டிங்' என்கிறோமே, அதேதான்.

அப்படிச் சேர்ந்த காசில் 1986-ல் உருவானது 'அம்ம அறியான்'. இறந்துபோன ஓர் இளைஞனின் அம்மாவிடம் சேதி சொல்லக் கிளம்புகிறான் ஒருவன். வழியில் நண்பர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்கிறார்கள். அந்தப் பயணத்தின் ஊடே கேரளாவின் போராட்டங்களும் தோல்விகளும் வந்துபோகும். படம் தயாரானதும், டிக்கெட் போடாமல் மறுபடியும் ஊர் ஊராகத் திரையிட்டார்கள்.

ஒடெசாவின் அடுத்த படத்தை எடுக்க ஜான் இல்லை. 1987 மே 31 அன்று கோழிக்கோட்டில் ஒரு கட்டிடத்திலிருந்து விழுந்து இறந்தார். வயது 49. பின்னாளில், பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் வெளியிட்ட சிறந்த 10 இந்தியப் படங்களின் பட்டியலில், கிராமத்து மக்கள் கொடுத்த காசில் உருவான 'அம்ம அறியான்' படமும் இடம்பிடித்தது.