டொமிஸ்லாவ் இவிச்: வெற்றியும் விடைபெறலும்

விளையாட்டு உலகில் வெற்றியைத் தேடித்தருபவருக்கு நிலையான இடம் கிடைக்கும் என்பது பொதுவான நம்பிக்கையாகும். குரோஷியாவின் ஸ்பிளிட் நகரில் பிறந்த உதைபந்தாட்டப் பயிற்றுவிப்பாளர் டொமிஸ்லாவ் இவிச்சின் வாழ்க்கை அந்த நம்பிக்கையைக் கேள்விக்குள்ளாக்குகின்றது.

1933 ஜூன் 30 ஆம் திகதி பிறந்த இவிச், வீரராகப் பெரும் புகழ் ஈட்டியவரல்லர். பயிற்றுவிப்பாளராகவே அவரது ஆற்றல் வெளிப்பட்டது. யூகோஸ்லாவியாவின் அங்கமாகக் குரோஷியா இருந்த அக்காலத்தில், தமது நகரின் ஹைடுக் கழகத்துக்கு 1974, 1975, 1979 ஆம் ஆண்டுகளில் லீக் சம்பியன் பட்டத்தை அவர் பெற்றுக்கொடுத்தார். அதன் பின்னர் யூகோஸ்லாவியா சிதறும் வரை ஹைடுக்கினால் அப்பட்டத்தை மீண்டும் வெல்ல இயலவில்லை. ஸ்பிளிட் மக்களின் உள்ளங்களில் அவருக்குக் கிடைத்த இடத்துக்கு இதுவே காரணமாகும்.

இதற்கிடையே, 1973 இன் பின்னர் பட்டம் காணாதிருந்த நெதர்லாந்தின் அஜாக்ஸ் கழகத்தை அவர் 1977 இல் சம்பியனாக்கினார். 1981 இல் பெல்ஜியத்தின் அண்டர்லெக்ட் கழகமும் அவரது வழிகாட்டலில் பட்டம் வென்றது. எனினும், பந்தை இழந்தவுடன் அணி முழுவதும் ஒன்றாக எதிரணியை நெருக்க வேண்டும் என்ற அவரது கண்டிப்பான ஒழுங்கு அனைவரையும் கவரவில்லை. தாக்குதல் ஆட்டத்தை விரும்பிய இரசிகர்கள் அவரைத் தற்காப்புவாதியாகவே நோக்கினர்.

போர்த்துக்கலின் போர்ட்டோ கழகத்தில் அவர் உச்சத்தைத் தொட்டார். 1987 டிசம்பரில், பனி மூடிய டோக்கியோ மைதானத்தில் உருகுவேயின் பெனரோல் அணியை 2-1 என வீழ்த்திக் கண்டங்களுக்கிடையிலான கிண்ணத்தைப் போர்ட்டோ கைப்பற்றியது. தமது முன்னாள் கழகமான அஜாக்ஸைத் தோற்கடித்து ஐரோப்பிய சுப்பர் கிண்ணத்தையும் வென்றார். 1988 இல் உள்நாட்டு லீக் பட்டமும் கிண்ணமும் சேர்ந்தன. ஆயினும் அந்த ஒரு பருவகாலத்துடன் அவர் அங்கிருந்து விடைபெற்றார்.

1998 உலகக் கிண்ணத்துக்காக ஈரான் அணியைத் தயார்படுத்தும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இத்தாலியின் ரோமா கழகத்துடனான பயிற்சிப் போட்டியில் ஈரான் 7-1 எனத் தோற்றதும், உலகக் கிண்ணம் ஆரம்பமாகச் சில வாரங்களே இருந்த நிலையில் அவர் நீக்கப்பட்டார். பின்னர் ஜலால் தலேபியின் பயிற்சியில் ஈரான் அமெரிக்காவை 2-1 என வென்று வரலாறு படைத்தது. அவ்வெற்றி தலேபிக்கும் வீரர்களுக்கும் உரியது. ஆயினும், அதற்கு முந்திய மாதங்களில் இவிச் செலுத்திய உழைப்பை முற்றாக மறந்துவிடுவது நீதியாகாது என்பதே நமது கருத்தாகும்.

2011 ஜூன் 24 ஆம் திகதி, தாம் பிறந்த ஸ்பிளிட் நகரிலேயே இவிச் காலமானார். ஒரு தோல்வியைக் கண்டதும் பயிற்றுவிப்பாளரை மாற்றும் அவசரம் இன்றும் குறைந்தபாடில்லை. கிண்ணங்களைக் கழகங்கள் தமது அலுமாரிகளில் பேணிக்காக்கின்றன. அவற்றை வென்றுகொடுத்தவர்களின் உழைப்பையும் அவ்வாறே பேண வேண்டியது அவற்றின் கடமை என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.