தாழப் பறந்த தீரர்

ஆகாய விமானத்தைத் தரையையும் அலையையும் ஒட்டிச் செலுத்துவது வெறும் வேடிக்கை வித்தை என்று நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். நாஞ்சில் நாட்டு வட்டக்கோட்டையின் மதில்மேல் நின்று கடலை நோக்குவோருக்கு அதன் பயன் விளங்கும். குளச்சற் போரில் 1741-ல் சிறைப்பட்ட டச்சுக்காரர் டிலனாய், பின்னர் திருவிதாங்கூருக்காக வலுப்படுத்திய கோட்டை அது. கப்பல் வந்தால் வெகு தூரத்திலேயே தெரியும். தாழப் பறந்து வரும் விமானமோ, கண்ணில் பட்ட கணமே தலைக்குமேல் வந்துவிடும். பீரங்கியைத் திருப்ப அவகாசமிராது. இந்த நுட்பத்தில் தேர்ந்த இந்தியர், 1913-ல் பிறந்த கருண் கிருஷ்ண மஜும்தார்.

1885-ல் கூடிய முதற் காங்கிரஸுக்குத் தலைமை வகித்த உமேச சந்திர பானர்ஜியின் பேரர் அவர். இங்கிலாந்தில் கிரான்வெல் கல்லூரியில் பயின்று இந்திய விமானப் படையில் சேர்ந்தார். 1942 பிப்ரவரியில் அவருடைய ஸ்குவாட்ரன் பர்மாவில் டவுங்கூ தளத்தை அடைந்ததும் ஜப்பானியர் அதைத் தாக்கினர். அவர் வசமிருந்தவை லைசாண்டர் விமானங்கள். மெதுவாகப் பறந்து தரைப்படைக்கு உளவு சொல்வதற்கென்று செய்யப்பட்டவை. அவற்றில் ஒன்றிலேயே குண்டுகளை மாட்டிக்கொண்டு, தாழப் பறந்து சென்று, தாய்லாந்தில் மே ஹாங் ஸோன் தளத்து விமானக் கொட்டகைமேல் வீசித் திரும்பினார். மறுநாள் ஸ்குவாட்ரனையே அழைத்துச் சென்றார். 1944-ல் பிரான்ஸிலும் எதிரியின் தலைக்குமேல் தாழப் பறந்து உளவறிந்தார். டி.எப்.ஸி. விருது இருமுறை அவரைச் சேர்ந்தது.

சக்கரவர்த்தியின் படையில் உழைத்தவரைப் போற்றலாமா என்று தேசபக்தர் சிலர் வினவக்கூடும். 1942-ல் சிறை புகுந்தோரின் தியாகத்தோடு இதை ஒப்பிட நாம் முன்வரவில்லை. ஆயினும், டிலனாயின் வித்தை திருவிதாங்கூருக்கு உதவியதுபோல், அன்னியரிடம் கற்ற வித்தை 1947-ல் சுதந்திர பாரதத்தின் உடைமையாயிற்று. அப்படையை வளர்த்தோரில் மஜும்தார் முன்னிற்பவர்.

எதிரியின் பீரங்கிகளால் ஆகாததை ஒரு காட்சிப் பறத்தல் செய்து முடித்தது. 1945 பிப்ரவரி 17-ந் தேதி லாகூரில் ஹரிக்கேன் விமானத்தில் வித்தை காட்டுகையில் விழுந்து, தமது 31-வது வயதில் உயிர் நீத்தார். தாழப் பறப்பவனுக்குப் பிழை திருத்த உயரம் மிஞ்சுவதில்லை. யுத்தத்தில் அந்த அபாயத்துக்கு ஒரு பயன் இருந்தது. காட்சியில் அது கைதட்டலோடு முடிகிறது. துணிவு மிக்க வாலிபர்களை உடைய தேசம், அவர்களை எதற்காகச் செலவிடுகிறோம் என்று கணக்குப் பார்க்கக் கடமைப்பட்டது.