சிறைப்பட்ட சேதுபதியும் உரிமையாளரில்லாக் கண்மாய்களும்

வைகை தன் நீரைக் கடலுக்குக் கொடுப்பதைவிடக் கண்மாய்களுக்குக் கொடுப்பதே மிகுதி. பரமக்குடி, நயினார்கோவில் வட்டாரங்களின் கண்மாய்களுக்கு ஊட்டியபடி வந்து, இராமநாதபுரம் பெரிய கண்மாயில் ஏறத்தாழ முடிந்துவிடுகிறது அந்த ஆறு. வெள்ளத்துக்கு எந்த நிலத்தை விடுவது, வீட்டுக்கு எதை ஒதுக்குவது என்ற கேள்வி இங்கே எழும்போதெல்லாம், முத்துராமலிங்க சேதுபதியின் வாழ்க்கை எனக்கு நினைவுக்கு வருகிறது.

1760-ல் பிறந்த அவர், குழந்தைப் பருவத்திலேயே சேது நாட்டின் மன்னரானார். தாயார் முத்துத் திருவாயி நாச்சியார் அவர் பெயரால் ஆட்சி நடத்தினார். 1772-ல் ஆற்காட்டு நவாபின் படையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையும் இராமநாதபுரம் கோட்டையைக் கைப்பற்றின. தாயுடன் திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் அடைக்கப்பட்ட சிறுவர், 1781-ல் இளைஞராக வெளியே வந்து மீண்டும் அரியணை ஏறினார்.

அவர் ஆண்டது வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழை சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். மற்ற மாதங்களில் மண் வெடிக்கும். சரிவு குறைந்த இந்தச் சமவெளியில் வெள்ளமும் வறட்சியும் ஒரே சிக்கலின் இரு முனைகள். முன்னோர் கண்ட தீர்வு கண்மாய்த் தொடர். வரத்துக் கால்வாய் நீரைக் கொண்டுவரும், உள்வாய் தேக்கும், மிஞ்சியது கலுங்கு வழியே அடுத்த கண்மாய்க்குப் போகும். மேலே ஒரு கரை உடைந்தால் கீழே உள்ள கரைகளும் ஆபத்துக்குள்ளாகும். ஆகவே ஊர் மேட்டிலும், வயல் கரைக்குக் கீழேயும், உள்வாய் வெறுமையாகவும் இருந்தாக வேண்டும். நிலப் பயன்பாட்டுத் திட்டம் என்று இன்று நாம் அழைப்பதன் உள்ளூர் வடிவம் இதுவே.

சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை நில வருவாயை ஒழுங்குபடுத்தியவர். மேற்கே பாயும் பெரியாற்றை வைகைக்குத் திருப்ப முடியுமா என்று ஆராய்ந்த முன்னோடியாகவும் அறியப்படுகிறார். பொருள் வசதியின்றி அது கைகூடவில்லை. 1895-ல் பென்னிகுவிக் காலத்தில்தான் அந்த நீர் வைகைக்கு வந்தது. விளைச்சலில் பங்கு பெறும் அரசுக்குக் கண்மாய் உடைந்தால் கருவூலமும் உடையும். நீரைக் காப்பதில் மன்னருக்கு இருந்த அக்கறையின் அடிப்படை இதுதான். அதை வெறும் அறமாகப் போற்ற வேண்டியதில்லை. அவர் காலத்திலும் பஞ்சம் இருந்தது, சிவகங்கையோடு பூசலும் இருந்தது.

கம்பெனியின் வணிக, அரசியல் நெருக்குதலுக்கு அவர் இணங்கவில்லை. 1795 பிப்ரவரியில் பதவி பறிக்கப்பட்டுச் சிறைப்பட்டார். திருச்சியிலும் பின்னர் சென்னையிலும் காவலில் கழித்து, 1809-ல் சென்னையிலேயே மறைந்தார். வாழ்நாளின் பாதிக்கு அண்மையான காலம் சிறையில் போயிற்று.

அவர் உயிரோடிருக்கும்போதே, 1803-ல், சேது நாடு அவருடைய சகோதரி மங்களேஸ்வரி நாச்சியாரிடம் ஜமீனாக ஒப்படைக்கப்பட்டது. மழை பெய்தாலும் பொய்த்தாலும் கம்பெனிக்குச் சேர வேண்டிய தொகை நிலையானது. வரி வாங்கும் கை ஓரிடத்திலும் கரையைக் காக்கும் பொறுப்பு வேறிடத்திலுமாகப் பிரிந்தன. அரசன் போனதைவிட இந்தப் பிரிவே பெரிய இழப்பு என்று கருதுகிறேன்.

ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் 1948-ல் வந்த பிறகும் பிரிவு நீங்கவில்லை. பெரிய கண்மாய்கள் நீர்வளத் துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் உள்ளன. நிலப் பதிவேடு வருவாய்த் துறையிடம். மனைப்பிரிவு ஒப்புதல் நகர் ஊரமைப்புத் துறையிடம். 2007-ன் ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் பொதுப்பணித் துறைக் கண்மாய்களைக் கருதி எழுதப்பட்டதே. மதுரையில் உயர் நீதிமன்றக் கிளையே உலகனேரிக் கண்மாய்ப் பகுதியில் எழுந்திருக்கும்போது, சாமானியரை மட்டும் ஆக்கிரமிப்பாளர் என்பது எப்படி நியாயமாகும்?

நயினார்கோவில் போன்ற ஒன்றியங்களில் செய்யத்தக்கது எளிது. கண்மாய்த் தொடர் முழுவதையும் ஒரே வரைபடமாக்கி, உள்வாய், வரத்துக் கால்வாய், கலுங்கு வெள்ளம் பரவும் இடம் ஆகியவற்றை அதில் குறிக்க வேண்டும். அந்த வரைபடத்தைப் பார்க்காமல் எந்த மனைக்கும் ஒப்புதல் கூடாது. ஒப்புதல் தரும் அலுவலரே கரை உடைப்புக்கும் பதில் சொல்லும் நிலை வர வேண்டும். இழந்த பொறுப்பை மீட்க முடியாட்சி தேவையில்லை; ஓர் அரசாணை போதும்.