பெயர் சூட்டியவர்



சேஜ் என்னும் மூலிகையை நம்மில் பலர் பார்த்திருக்க மாட்டோம். நம் வீட்டுத் துளசியின் குடும்பத்தைச் சேர்ந்த அது, ஐரோப்பாவின் துறவு மடத் தோட்டங்களில் பல நூற்றாண்டுகளாக மருந்துக்கென வளர்க்கப்பட்டது. தாவரவியலில் அதன் பெயர் சால்வியா அஃபிசினாலிஸ். முதற்சொல் நலம், மீட்பு எனப் பொருள்தரும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. மீட்பர் என்பதற்கான இலத்தீன் சொல்லுக்கும் வேர் அதுவே. இரண்டாவது சொல், மடத்தின் மருந்து அறையை நினைவூட்டுவது. 1753-இல் தமது நூலில் இந்தப் பெயரை நிலைநிறுத்தியவர் கார்ல் லின்னேயஸ்.

1707-இல் சுவீடனின் ரோஷுல்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை லூத்தரன் சபைப் போதகர், தோட்டப் பிரியர். குடும்பப் பெயர் இல்லாதிருந்த அவர், பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது தம் குடும்ப நிலத்தில் நின்ற லிண்டன் மரத்தைக் கொண்டு லின்னேயஸ் என்று வைத்துக்கொண்டார். மரத்தின் பெயரைச் சுமந்தே மகனும் வளர்ந்தார்.

அக்காலத்தில் ஒரு செடியின் பெயரே ஒரு நீண்ட வாக்கியமாக இருக்கும். அதையும் அறிஞருக்கு அறிஞர் மாற்றி எழுதினார்கள். உப்சாலாவில் மருத்துவப் பேராசிரியராக இருந்த லின்னேயஸ், ஏறத்தாழ 5,900 தாவரங்களுக்கு இரண்டே சொற்களில் பெயர் தந்தார். தொடக்கநூலில் ஆதாம் விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் பெயரிட்டதாக வாசிக்கிறோம். செடிகளைப் பற்றி அங்கே பேச்சில்லை!

பூவின் மகரந்தத்தாள்களை எண்ணியே அவர் செடிகளை வகுப்புகளாகப் பிரித்தார். சேஜுக்கு இரண்டு, ரோஸ்மேரிக்கும் இரண்டு; ஆகவே இரண்டையும் ஒரே வகுப்பில் வைத்தார். அந்த எண்ணும் முறை பின்னர் கைவிடப்பட்டது. ஆனாலும் 2017-இல் மரபணு ஆய்வாளர்கள், ரோஸ்மேரியும் சால்வியா இனமே என்றார்கள்.

இப்பணிக்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. செடிகளைத் தேடி அவர் அனுப்பிய மாணவர்களில் பலர் வீடு திரும்பவில்லை. முதலில் சென்ற டேர்ன்ஸ்ட்ரோம் 1746-இல் வியட்நாமுக்கு அருகே ஒரு தீவில் இறந்தார். பிள்ளைகளோடு தனித்து நின்ற அவர் மனைவி லின்னேயசையே குற்றம் சாட்டினார். அதன்பின் மணமாகாதவர்களையே அனுப்புவது என்று அவர் முடிவு செய்தார். அந்தக் குடும்பத்தின் இழப்புக்கு அது ஈடாகுமா என்ன?

1774-இலும் 1776-இலும் பக்கவாதம் அவரைத் தாக்கியது. ஆயிரமாயிரம் பெயர்களைத் தந்தவருக்குத் தம் பெயரே நினைவில் இல்லை. தாம் எழுதிய நூல்களையே யாரோ எழுதியவை என்று எண்ணி வியந்து புரட்டுவாராம். 1778 ஜனவரி 10 அன்று இறந்தார். உப்சாலா பேராலயத்தின் தரைக்குக் கீழே அவரை அடக்கம் செய்தார்கள்.